பெட்ரோல் வாடை வீசிய கிணறும் தவறான பாட்டிலும்

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் கிணற்றில், சென்ற ஆண்டு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்குப் பின் பெட்ரோல் வாடை வீசத் தொடங்கியது. மேட்டில் இருக்கும் பெட்ரோல் பங்கிலிருந்துதான் அது கசிகிறது என்று நிரூபிக்க எனக்கு ஒன்றேகால் ஆண்டு ஆயிற்று.

முதல் தவறு என்னுடையது. குடிநீர் பாட்டிலில் தண்ணீரை எடுத்துச் சென்று வழக்கமான பரிசோதனைக்குக் கொடுத்தேன். கடினத்தன்மை, இரும்பு, குளோரைடு எல்லாம் சரி, குடிக்க உகந்தது என்று அறிக்கை வந்தது. அதையே பங்குக்காரர் எனக்கு எதிராக நீட்டினார். அந்தப் பரிசோதனை பெட்ரோலைத் தேடவே தேடாது. பெட்ரோலில் உள்ள பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்று பெயர் சொல்லி எழுதிக் கேட்க வேண்டும். இவை எளிதில் ஆவியாகிவிடும் என்பதால், 40 மில்லி பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். சாளை மீனுக்கே ஐஸ் போடும் ஊரில் இது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

புல எண் இல்லை என்று ஓர் அலுவலகத்தில் மனுவை இருமுறை திருப்பினார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிய பிறகே கோப்பு நகர்ந்தது. ஆனால் ஆய்வுக்கு வந்தவர் பங்குனி வெயிலில் வந்து, வாடையே இல்லையே என்று எழுதிச் சென்றார். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. நீர்மட்டம் இறங்கும்போது வெட்டுக்கல்லின் துளைகளில் ஒட்டிக்கொண்டு, மழையில் மட்டம் ஏறியதும் மீண்டும் தலைகாட்டும். ஆகவே ஆய்வை மழைக்காலத்தில் கேளுங்கள்.

இந்த ஆண்டு ஆனியில் மாதிரி எடுக்க நிலத்தில் துளையிட்டார்கள். எடுத்த மண்ணை ஒரு பணியாளர் பாலித்தீன் பையில் போட்டு வெயிலில் வைத்ததைக் கண்டதும், ஆவியாகப் போவது போய்விடுமே என்று சொல்லி மகஜரில் (மாதிரி எடுத்ததைப் பதியும் ஆவணத்தில்) கையெழுத்திட மறுத்தேன். என்னைத் தொந்தரவுக்காரன் என்றார்கள். மறுவாரம் கண்ணாடி ஜாடியுடன் வந்தார்கள். மூன்று இடங்களில் நீர்மட்டம் அளந்தபோது நிலத்தடி நீரின் ஓட்டம் எங்கள் பக்கம்தான் என்று தெரிந்தது. பங்குக்கும் மேலே இருக்கும் அண்டை வீட்டுக் கிணறு சுத்தமாக இருந்தது எனக்குப் பெரிய துணை.

எங்கள் கிணற்றில் பென்சீன், உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. கசிவு தொட்டியில் இல்லை, குழாய் இணைப்பில் இருந்தது. இப்போது லாரித் தண்ணீர் வருகிறது. ஐப்பசி மழைக்குப் பின் மறுபடியும் மாதிரி எடுப்பார்கள். குப்பிகளை ஆய்வகத்திலிருந்து நானே முன்கூட்டி வாங்கி வைத்துவிட்டேன்.