இரண்டு மானிட்டர் வாங்கும் முன் ‘ண்’ணைப் பாருங்கள்

27 இஞ்ச் ஃபுல் ஹெச்டி மானிட்டர் இப்போது மலிவு. ஜோடியாக வாங்கி மேசையில் நிறுத்தினால் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து, சிறிய எழுத்தில் ‘ண்’, ‘ஞ்’, ‘ணை’ எல்லாம் எப்படித் தெரிகின்றன என்று பாருங்கள். சுழிகள் அப்பிக்கொள்ளும், மேலே இருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டும். ஆங்கிலத்துக்கு ஒப்பேறிவிடுகிற திரை தமிழுக்குப் பற்றாமல் போவது இங்கேதான்.

கணக்கு எளிது. ஃபுல் ஹெச்டியின் 1920×1080 பிக்சலை (திரைப் புள்ளிகளை) 24 இஞ்சில் பரப்பினால் இஞ்சுக்கு 92 பிக்சல் விழும். 27 இஞ்சில் பரப்பினால் 82தான். அதே 27 இஞ்சில் 2560×1440 இருந்தால் 109, 4கே (3840×2160) என்றால் 163. நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் 90க்குக் கீழே இறங்கவே வேண்டாம். பட்ஜெட் இடித்தால் 24 இஞ்ச் ஃபுல் ஹெச்டி இரண்டு, கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 27 இஞ்சில் 1440 இரண்டு. என் ஓட்டு பின்னதற்கே. 27 இஞ்ச் 4கேயில் ஸ்கேலிங்கை, அதாவது எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பை, 150 சதவீதத்தில் வைத்தால் வேலைக்குக் கிடைக்கும் இடம் 1440க்குச் சமம்தான். எழுத்து மட்டும் அச்சடித்ததுபோல இருக்கும். அந்தக் கூர்மைக்குத்தான் கூடுதல் காசு.

இரண்டும் ஒரே மாடலாக இருப்பது அழகுக்காக இல்லை. ஒன்று 4கே, மற்றது ஃபுல் ஹெச்டி என்று கலந்தால், ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு இழுக்கும்போது ஜன்னலின் அளவு குதிக்கும், பழைய மென்பொருள்களில் எழுத்து மங்கும். பிக்சல் உயரம் பொருந்தாத விளிம்பில் மவுஸ் முட்டிக்கொண்டு நிற்கும். ஏற்கெனவே இருக்கும் 24 இஞ்சைத் தூக்கிப்போட மனமில்லை என்றால், புதிய 1440ஐ நேர் எதிரே வைத்து, பழையதைச் செங்குத்தாகத் திருப்பிப் பக்கத்தில் நிறுத்துங்கள். நீளமான கோப்பு படிக்க அருமையாக இருக்கும். பழையது டிஎன் வகைப் பேனல் (படம் காட்டும் தகடு) என்றால் மட்டும் இந்த வேலை ஆகாது. அதன் மேல்-கீழ்ப் பார்வைக் கோணம் மோசம். திருப்பினால் அந்தக் குறை இடவலமாக வந்து, இரு கண்ணுக்கும் இரண்டு நிறம் தெரியும்.

பேனல் வகைகளில் வாங்க வேண்டியது ஐபிஎஸ்தான். இரண்டு திரை வைத்தாலே தூர விளிம்புகளைச் சாய்வாகத்தான் பார்க்கிறோம். விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் அந்த இடத்தில் நிறம் வெளிறும். சினிமா பார்க்க விஏயின் கறுப்பு நன்றாக இருக்கும், அது வேறு கதை.

ஆர்டர் போடும் முன் டேப் எடுத்து மேசையை அளந்து பாருங்கள். 27 இஞ்ச் மானிட்டர் ஒன்றின் அகலம் சுமார் 61 செ.மீ. இரண்டு சேர்ந்தால் நான்கடி மேசை முழுசாக நிறைந்துவிடும். ஆழம் 60 செ.மீ. மட்டும் என்றால், ஸ்டாண்டின் அடிப்பாகம் இடத்தைத் தின்று திரை முகத்தருகே வந்துவிடும். அப்போது ஆர்ம், அதாவது மேசை விளிம்பில் மாட்டி மானிட்டரைத் தாங்கும் கை, தேவை. மானிட்டரின் பின்னால் ஆர்மைத் திருகும் 100×100 மி.மீ. வெசா துளை இருக்கிறதா பாருங்கள், சில மலிவு மாடல்களில் இருக்காது. கேஸ் ஸ்பிரிங் ஆர்முக்கு அதிகபட்ச எடை மட்டுமல்ல, குறைந்தபட்ச எடையும் உண்டு. அதைவிட லேசான மானிட்டரை மாட்டினால் தானாக மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். பார்ட்டிகிள் போர்டு மேசையில் கிளாம்பை நேரடியாக இறுக்கினால் பலகை நொறுங்கலாம். மேலும் கீழும் இரும்புத் தகடு கொடுங்கள். கண்ணாடி மேசையில் மாட்டவே கூடாது.

இனி போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை. தலைவலி பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பும். லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ 1.4 மட்டும் இருந்தால் 4கே 30 ஹெர்ட்ஸில்தான் ஓடும், மவுஸ் இழுபடுவது கண்ணுக்கே தெரியும். 60 ஹெர்ட்ஸுக்கு ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது, லேப்டாப்பின் விவரப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (யூஎஸ்பி-சி வழியே படம் அனுப்பும் வசதி) என்று இருக்கிறதா தேடுங்கள். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். எம்3 ஏர் மூடியை மூடினால் இரண்டு, எம்4 ஏர் திறந்தபடியே இரண்டு. மானிட்டரிலிருந்து மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் கோர்க்கும் வசதி விண்டோஸில் வேலை செய்யும். மேக்கில் அப்படிக் கோர்த்தால் இரண்டிலும் ஒரே படம்தான் வரும்.

டெஸ்க்டாப்காரர்கள் இரண்டு கேபிளையும் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். ஒன்றைத் தவறி மதர்போர்டில் செருகிவிட்டு, படம் வரவில்லை என்று மானிட்டரைத் திருப்பிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

மாட்டியபின் ஹெச்டிஎம்ஐ திரையில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், கணினி அதை டிவி என்று நினைத்து லிமிடெட் ரேஞ்சில், அதாவது கறுப்பு-வெள்ளை வீச்சைக் குறுக்கி, அனுப்புகிறது. கிராஃபிக்ஸ் டிரைவரின் அமைப்பில் ‘ஃபுல்’ என்று மாற்றினால் சரியாகிவிடும். ஒரே மாடலிலும் வெள்ளை சற்றே மாறும். இரண்டிலும் வெற்று வெள்ளைப் பக்கம் திறந்து, மஞ்சளாகத் தெரியும் மானிட்டரின் மெனுவில் சிவப்பையும் பச்சையையும் ரெண்டு ரெண்டு புள்ளியாகக் குறைத்து வாருங்கள். பிறகு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை ஓடவிட்டுச் செத்த பிக்சல் தேடுங்கள். ரிட்டர்ன் நாள் முடியும் முன் இதைச் செய்யுங்கள். அதன்பின் ஒன்றிரண்டு புள்ளிக்கு வாரன்ட்டியில் பெரும்பாலும் மாற்றித் தரமாட்டார்கள்.