ஒரு நோட்பாட், இரண்டு எண்கள்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படித்தபோது, பணிசெயல் முறைமை (விண்டோஸ் போன்று கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அலகில் என்னை அதிகம் தடுமாற வைத்தது பிரயோக மென்பொருளுக்கும் செயன்முறைக்கும் உள்ள வேறுபாடுதான். திரையில் தெரிவது பிரயோகம், பின்னால் ஓடுவது செயன்முறை என்று மாதிரிப் பரீட்சையில் எழுதிவைத்தேன். அதற்குப் புள்ளி கிடைக்கவில்லை.

கொக்குவிலில் எனக்குப் படிப்பித்த ரியூசன் ஆசிரியர் விடையைச் சொல்லித் தராமல், "ரெண்டு நோட்பாட்டைத் திறந்துபோட்டு ராஸ்க் மனேஜரைப் பாரும் தம்பி" என்றார். வகுப்புக் கணினியில் இருந்தது விண்டோஸ் 10. ஓடிக்கொண்டிருக்கும் செயன்முறைகளை ராஸ்க் மனேஜர் காட்டும் பட்டியலில் நோட்பாட் என்ற ஒரே பெயர் இரு வரிகளில், வெவ்வேறு அடையாள எண்களுடன் நின்றது. ஒன்றை நிறுத்தினேன், மற்றையது அசையவில்லை. வன்தட்டில் சும்மா கிடக்கும் நோட்பாட் ஒன்றுதான், ஆனால் அதை இருமுறை திறந்ததால் நினைவகத்தில் தனித்தனி இடம்பிடித்த செயன்முறைகள் இரண்டு. குரோம் உலாவியைத் திறந்தால், ஒரே சாளரத்துக்குப் பின்னால் பல செயன்முறைகள் வரிசையாகத் தெரியும். ஒரு பக்கம் முடங்கினாலும் மற்றவை தப்பட்டும் என்றே அதை அப்படி அமைத்திருக்கிறார்கள். சாளரமே இல்லாத செயன்முறைகளும் அங்கே ஏராளம். திரையை அளவுகோலாகக் கொண்ட என் விடை எங்கே பிழைத்தது என்பது அப்போதுதான் பிடிபட்டது.

இந்த வேறுபாட்டுக்குப் பருத்தித்துறைக்குப் போகும் பஸ் வழித்தடத்தை நினைத்துக்கொள்வேன்: வழித்தடம் பிரயோகம், ஓடும் பஸ் செயன்முறை. நடு இரவில் ஒரு பஸ்ஸும் ஓடாவிட்டாலும் வழித்தடம் இருக்கிறது. காலையில் அதே தடத்தில் பல பஸ்கள், ஒவ்வொன்றிலும் வேறு சாரதி, வேறு பயணிகள். நடத்துநரின் கையிலுள்ள குறிப்பைப் போல, ஒவ்வொரு செயன்முறைக்கும் அதன் எண், நிலை, அடுத்து நிறைவேற்ற வேண்டிய அறிவுறுத்தலின் முகவரி ஆகியவற்றைப் பணிசெயல் முறைமை ஒரு கட்டுப்பாட்டுத் தொகுதியில் பதிந்துவைக்கிறது. (நடத்துநர் மிச்சக்காசு தராமல் விடுவதற்கு இங்கே ஒப்புமை இல்லை.)

பரீட்சையில் வரைவிலக்கணம் கேட்டால், செயன்முறை என்பது நிறைவேற்றப்பட்டுக்கொண்டிருக்கும் செய்நிரல் (program) என்று தொடங்கி, நோட்பாட் உதாரணத்தை ஒரு வரியில் சேருங்கள். செயன்முறை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைக் காட்டும் ஏழு நிலை வரைபடத்தை மனனம் செய்வதைவிடப் பலமுறை கையால் வரைவது நல்லது. அதில் பலர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு: உள்ளீட்டுக்காகக் காத்துத் தடுக்கப்பட்ட செயன்முறை, உள்ளீடு கிடைத்ததும் நேரே இயங்கும் நிலைக்குப் போவதில்லை, தயார் நிலைக்கு வந்து, தன் முறை வரும்வரை வரிசையில் நிற்கிறது.