அம்மாவின் கறுத்த விரல்கள்

போன மாதம் அம்மா வீட்டில் பரணில் கிடந்த ட்ரங்குப் பெட்டியை இறக்கினேன். நம் குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிறதா, பெட்டிக்குள் வைத்த போட்டோகூட ஈரத்துக்குத் தப்பாது. ஆல்பத்தில் பாதிப் படங்கள் பூஞ்சை பிடித்து பிளாஸ்டிக் தாளோடு ஒட்டியிருந்தன. (ஒட்டிய படத்தைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள், மேல்தோல் உரிந்துவிடும். தாளோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள்.)

அதில் ஒன்று 1988-இல் மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. எனக்கு ஒரு வயது. அந்தக் காலத்து கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துப்போகும், அதனால் படம் முழுக்க செம்மண் நிறம். ஸ்டூலில் நான் மட்டும் இருக்கிறேன், அம்மா இல்லை. ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைப் பிடித்திருக்கிறது. விரல் நுனியெல்லாம் கறுப்பு. அதையும் பூஞ்சை என்றுதான் நினைத்தேன்.

1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தால், கறை விரல் ரேகையோடு ரேகையாக ஓடுகிறது, நகக்கண்ணில் அடர்த்தியாக நிற்கிறது, பக்கத்தில் என் சட்டையில் ஒரு புள்ளி இல்லை. பூஞ்சை அப்படிப் பார்த்துப் பார்த்தா பிடிக்கும்? அது அண்டி எண்ணெய், முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து வருவது.

அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போனவள். வறுத்த அண்டியைத் தட்டி உடைக்கும்போது தோட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் பொள்ளவைத்துவிடும், அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள், அப்படியும் கறை ஏறிவிடும். எங்கள் பக்கத்தில் அந்தக் கூலியில் படித்து வந்த பிள்ளைகள் ஏராளம், நானும்தான்.

அப்புறம் மற்ற படங்களைப் பார்த்தேன். மாமா கல்யாணத்தில் அவள் கை முந்தானைக்குள், என் கல்யாணத்தில் என் முதுகுக்குப் பின்னால். எந்தப் படத்திலும் கை இல்லை. கேட்டேன்.

"நீ பெருசாகிப் பாக்கும்போ கறுத்த கை தெரியப்பிடாதுன்னு நெனச்சேன் மக்களே. அன்னைக்கு நீ ஆடிக்கிட்டே இருந்த, பிடிக்காம முடியல."

எனக்குப் பேச்சு வரவில்லை. என் போனில் மகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, நான் அதில் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பெருத்துவிட்டது, முடி கொட்டிவிட்டது என்று நானே ஒதுங்கிக்கொண்டது. நாளைக்கு அவள் தேடினால் நான் எங்கே கிடைப்பேன்?

மறுநாள் மதியம் திண்ணையில் அம்மா மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள், மகள் பக்கத்தில். போனை எடுத்ததும் அம்மா கையை மடியில் இழுத்துக்கொண்டாள். "கழுவிட்டு வாறேன்." வேண்டாம் என்றேன். மகள் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள், அப்போது ஒன்று எடுத்தேன். பிறகு போனை மகளிடம் கொடுத்து அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் இருவர் தலையும் பாதி வெட்டுப்பட்டு வந்திருக்கிறது, ஆனால் நாலு கையும் இருக்கிறது. அதைத்தான் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன்.