வருடத்துக்குப் பதினோரு மாத வாடகை

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்தில், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வது என் தொழில். டூ-லெட் போர்டு மாட்டுவதில் ஆரம்பித்து மோட்டார் ரிப்பேர் வரை எல்லாம் என் தலையில்தான். ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாம் என்று புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான். "வருஷத்துக்குப் பதினோரு மாசம்னு கணக்கு வைங்க" என்பேன். முகம் லேசாகச் சுருங்கும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் 65 லட்சத்தைத் தாண்டிவிடும். மாதம் 17,000 வாடகை என்றால் வருடத்துக்கு 2,04,000. ஆள் மாறும்போது ஒரு மாத வாடகை போகும். சொத்து வரி, பெயிண்ட், குழாய், காலியாகக் கிடக்கும் மாதத்து மெயின்டனன்ஸ் எல்லாம் கழிந்து 1,75,000 நின்றால் பெரிது. போட்ட பணத்துக்கு மூன்று சதவீதம்கூட இல்லை. 45 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 39,000 ரூபாய். வாடகையே கடனை அடைத்துவிடும் என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த வீட்டை விற்க வந்தவராக இருப்பார். மனை விலை ஏறும் என்று நம்பி வாங்குவது வேறு கணக்கு. அது தப்பில்லை, இந்தக் கணக்கோடு கலக்காமல் இருந்தால் போதும்.

காலி மாதம்தான் எங்கள் தொழிலின் பெரிய எதிரி. ஆனி கடைசியில் காலியான வீடு ஆடி முழுக்கச் சும்மா கிடக்கும். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் போர்டு மாட்டிய வாரத்திலேயே ஆள் வரும். அதனால் ஒப்பந்தம் முடியும் தேதி அந்தப் பக்கம் விழுகிற மாதிரி எழுதச் சொல்வேன்.

துபாயில் இருக்கும் ஒரு ஓனர் போனில் கேட்டார். "அண்ணே, பக்கத்து ஃபிளாட் பதினேழரைக்குப் போகுதாமே, நாம ஏன் பதினேழுக்கு விடணும்?"

"சார், அந்த ஐநூறுக்காக ஒரு மாசம் பூட்டி வச்சா பதினேழாயிரம் போச்சு. அதைத் திரும்ப எடுக்க முப்பத்தி நாலு மாசம் ஆகும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, வந்தவங்களுக்கே குடுத்துடுங்க" என்றார்.

வாங்கும்போது பத்திரம் பார்ப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது வக்கீல் வேலை. தாய்ப் பத்திரம் (சொத்து முன்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டுவது), முப்பது வருட வில்லங்கம் (சொத்து மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், ஃபிளாட் என்றால் மனையில் நமக்கு வரும் பிரிபடாத பாகம் எவ்வளவு என்பது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: வில்லங்கச் சான்றில் பதிவான வில்லங்கம்தான் வரும். பதியாத ஒப்பந்தமோ அண்ணன் தம்பி தகராறோ அதில் இருக்காது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.

பத்திரம் சொல்லாததைத் தெரு சொல்லும். வீட்டைப் பார்த்துவிட்டு நேராகக் காரில் ஏறாதீர்கள். தெருமுனை அயர்ன் வண்டிக்காரரிடமும் தண்ணீர் கேன் போடுகிற பையனிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்த வீட்டில் ஆள் நிலைப்பதில்லை, எந்த அப்பார்ட்மென்ட்டில் மே மாதம் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய்ப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் எப்படி இருந்தன என்று எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மறுபடி அதே கதை. மழை இல்லாத நாளில் போனால் காம்பவுண்டு சுவரில் தண்ணீர் நின்ற கறையைத் தேடுங்கள். புது பெயிண்ட் தரையிலிருந்து மூன்றடிக்கு மட்டும் அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போன தெருக்கள் இங்கே நிறைய. அந்த மாதிரி தரைத்தள வீட்டுக்கு ஆள் பிடிப்பது எனக்குப் பெரும்பாடு.

தனி வீடு வாங்கி இரண்டு மூன்று போர்ஷனாக விடுகிறவர்கள் செய்யும் சிக்கனம் ஒன்று உண்டு. ஒரே ஈ.பி. மீட்டர், உள்ளே சப்-மீட்டர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூல். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங், வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறும். இரண்டு குடும்பத்துக்கு ஒரே மீட்டர் என்றால் 500-ஐ எளிதாகத் தாண்டிவிடும். யாருடைய ஏசியால் தாண்டியது என்று மாடிக்கும் கீழுக்கும் சண்டை, பஞ்சாயத்து பண்ண நான். போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வாங்கிவிடுங்கள்.

ஆள் தேர்வில் ஓனர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. "சைவம் மட்டும்", "பேச்சிலர் வேண்டாம்", அதற்கும் மேலே வெளியே சொல்லக் கூசுகிற கேள்விகள். இப்படி வடிகட்டி வடிகட்டிப் பூட்டியே கிடக்கும் வீடுகளின் சாவி என்னிடம் தொங்குகிறது. எங்கே வேலை, முந்தைய வீட்டை ஏன் காலி செய்தார், முந்தைய ஓனர் போனில் என்ன சொல்கிறார் என்று கேட்டால் போதும். சாம்பார் வைக்கிறாரா, மீன் குழம்பு வைக்கிறாரா என்பதற்கும் ஐந்தாம் தேதி வாடகை வருவதற்கும் சம்பந்தமே இல்லை.

வாடகைக்குப் பதில் எட்டு லட்சம், பத்து லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது அதைத் திருப்பித் தரும் போகியத்துக்கு விடச் சொல்லி ஆசை காட்டுவார்கள். வாங்கிய பணம் மகள் கல்யாணத்திலோ இன்னொரு மனையிலோ போய்விடும். அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஓனரால் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. பணம் வங்கியில் அப்படியே இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஒப்பந்தத்தில் பதினோரு மாதம் என்று எழுதுவது, ஒரு வருடத்தைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புது வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். வேறு மாதிரி பேசி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது சட்டம். பத்து மாதம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது கசக்கிறது. வாடகை தரவில்லை என்பதற்காகத் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தவும் கூடாது.

சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் செல்போனில் வீடியோ எடுத்து, ஈ.பி. மீட்டர் படத்தோடு ஓனருக்கும் குடிவருபவருக்கும் அனுப்பிவிடுவேன். காலி செய்யும்போது சண்டை வருவது பெரும்பாலும் பெயிண்ட்டில்தான். ஒரு மாத வாடகையைப் பெயிண்ட்டுக்குப் பிடிப்பது சென்னை வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதாமல் பிடிக்க முயன்றால் குடியிருந்தவர் கேள்வி கேட்பார், கேட்க வேண்டியதுதான். கடைசி ஈ.பி. பில் வர நாளாகும் என்பதால் அதற்கு மட்டும் ஒரு தொகையை நிறுத்திவிட்டு, மிச்ச அட்வான்ஸைச் சாவி வாங்கும்போதே கொடுக்கச் சொல்வேன். அப்படிக் கொடுத்து அனுப்பியவர்கள் போகும்போது தங்கள் ஆபீஸ் நண்பரையே அடுத்த ஆளாகக் காட்டிவிட்டுப் போவதும் உண்டு. அந்தத் தடவை புரோக்கர் கமிஷனும் இல்லை, காலி மாதமும் இல்லை.