‘விடு’ கற்றுத் தந்த ருஷ்ய மொழி

மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலைக்கு வந்த ருஷ்யக் கதைகளின் தமிழாக்கங்களை, பாளையங்கோட்டை வீட்டில் அப்பா வைத்திருந்த மரப்பெட்டியிலிருந்து எடுத்து வாசித்து வளர்ந்த நான், அந்த வாசிப்பே ஆய்வுக்குப் போதுமான தகுதி என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றுத் தில்லியில் முதுகலைக்கு முயன்றபோதுதான், ருஷ்ய மொழியைப் பட்டப்படிப்பில் பயிலாதவருக்கு அங்கே இடமில்லை என்பது தெரிந்தது. 21 வயதில் மீண்டும் முதலாண்டில் சேர்ந்து எழுத்துக் கூட்டினேன். இதை ஊரில் விளக்குவது நுழைவுத் தேர்வைவிடக் கடினமாக இருந்தது.

ருஷ்ய மொழியின் ஆறு வேற்றுமைகள் என்னை அச்சுறுத்தவில்லை. பள்ளியிலேயே எட்டை மனப்பாடம் செய்தவர்கள் நாம். இடறியது வினைச்சொல்லில்தான். ‘சித்தால்’ என்றால் படித்தான், முடித்தானா என்பது தெரியாது. ‘பிரச்சித்தால்’ என்றால் படித்து முடித்துவிட்டான். பெரும்பாலான வினைகளுக்கு இப்படி ஓர் இணை உண்டு. நம் ‘விடு’ என்னும் துணைவினையை நினைத்துக்கொண்டால் பாதி வழி கடந்துவிடலாம் என்று கண்டுகொள்ள எனக்கு இரண்டாண்டுகள் ஆயின. (மீதிப் பாதிக்கு மனப்பாடம்தான்.)

முதுகலைக்குப் பின், வீட்டுக் கடனுக்காகக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ருஷ்யப் பொறியாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வால்வும் பம்பும் பேசிய அந்நாட்களில்தான் என் காது ருஷ்ய மொழிக்குத் திறந்தது. பிறகு, கல்லூரி ஆசிரியப் பணிக்கும் ஆய்வுக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட்: மூன்று மணி நேரம், 150 வினாக்கள், 300 மதிப்பெண்கள், தவறான விடைக்குக் கழிவில்லை என்பதால் எதையும் விடாமல் எழுதினேன்.

‘ருஷ்ய இலக்கியமும் தமிழும்’ என்ற என் முதல் முனைவர் பட்ட ஆய்வுத் திட்டம், மிகவும் விரிந்தது என்று திரும்பி வந்தது, அது நியாயமே. டால்ஸ்டாய் 1908-இல் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் ‘இன்னா செய்யாமை’ அதிகாரக் குறள்களை எடுத்தாண்டிருப்பதை மட்டும் ஆராய்வதெனச் சுருக்கிக்கொண்டேன். 90 தொகுதிகள் கொண்ட அவருடைய முழுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததால் மாஸ்கோ செல்லாமலே வேலை நடந்தது.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் 314-ஆம் குறளைப் பிடித்துக்கொண்டார். ‘நன்னயஞ் செய்து விடல்’ என்பதில் உள்ள ‘விடல்’, செய்து முடிப்பதை மட்டும் குறிக்கிறதா, அல்லது உரையாசிரியர் பரிமேலழகர் கொள்வதுபோல் பிறர் நமக்குச் செய்த தீமையையும் நாம் அவருக்குச் செய்த நன்மையையும் மறந்துவிடுவதையா? கடிதத்தின் வாசகத்தில் நன்மை செய்து நாணவைப்பது இருக்கிறது, மறத்தல் இல்லை. அந்த ஒரு சொல்லிலேயே பாதித் தேர்வு கழிந்தது.