கீழறைச் சுவரும் மூன்று விலைப்புள்ளிகளும்: ரிங்லெட் நாட்குறிப்பு

அக்டோபர் 19, 2024, சனி

நேற்றிரவு பெய்த மழையில் கீழறைச் சுவர் மீண்டும் கசிந்துவிட்டது. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊரின் சரிவில் கட்டிய பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் வாசல் சாலை மட்டத்தில் இருக்க, அதற்குக் கீழுள்ள அறையின் ஒரு பக்கம் முழுவதும் மண்ணை ஒட்டி நிற்கிறது. அந்தச் சுவர் 26 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 2,400 ரிங்கிட் செலவில் உட்புறம் அடித்த ஈரத்தடுப்புப் பெயிண்ட் இப்போது கொப்பளித்து உரிகிறது; உரிந்த இடங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் கிராணியாகக் கணக்கு எழுதியவன் நான். அந்தப் பணம் எதற்காகப் போனது என்று தெரிந்துகொள்ளாமல் இன்னொரு ரிங்கிட்கூடக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

சுவரில் இரண்டடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைத்தேன். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் மலைக்குளிரில் காற்றின் ஈரம் சுவரில் படிகிறது என்று பொருள்; அதற்குச் சன்னலும் மின்விசிறியும் போதும். இன்று தாளைப் பிரித்தபோது முன்பக்கம் காய்ந்திருந்தது, பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆக, தண்ணீர் மண்ணிலிருந்துதான் வருகிறது. பெயிண்ட் ஏன் நிற்கவில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிட்டது: சுவருக்குப் பின்னால் இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 2 டன் எடை அழுத்துகிறது. அந்த அழுத்தம் பெயிண்டைச் சுவரிலிருந்து வெளியே தள்ளுகிறதே தவிர, சுவரோடு சேர்த்து ஒட்டவைப்பதில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

மூன்று விலைப்புள்ளிகளும் வந்து சேர்ந்தன. ஊர்க் கொத்தனார், பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, நீர்த்தடுப்புச் சிமெண்டுக் கலவையை இரண்டு முறை பூசி, மேலே புதுப்பூச்சுப் போட 4,200 ரிங்கிட் கேட்கிறார். ஈப்போவிலிருந்து வந்தவர்கள், விரிசல்களில் பாலியூரித்தேன் என்னும் அடைப்புப் பிசினைச் செலுத்தி அதன்மேல் பூசுவதற்கு 9,800 ரிங்கிட் என்கிறார்கள். மூன்றாவது காண்ட்ராக்டர், சாலைப் பக்கம் அடித்தளம்வரை தோண்டி, சுவரின் வெளிப்புறத்தில் நீர்த்தடுப்புத் தாள் ஒட்டி, துளையிட்ட குழாயும் சரளைக்கல்லும் வைத்து மூட 27,000 ரிங்கிட்டுக்குக் குறையாது என்றார்.

மூன்றும் ஒரே சுவருக்கான விலைகள். வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டேன். ஈப்போக்காரர்களின் தாளில் 1,100 ரிங்கிட் போக்குவரத்துக்கும் ஆட்கள் தங்குவதற்கும் மட்டும் எழுதப்பட்டிருந்தது. மலைக்கு ஏற நேரம் ஆகும், ஒரே நாளில் வேலையை முடித்துத் திரும்ப முடியாது என்றார்கள். மணலும் சிமெண்டும் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் 59ஆம் எண் சாலையில் லோரியில் வர வேண்டியிருப்பதால், கொத்தனாரின் விலையிலும் அந்த ஏற்றம் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது விலையின் பெரும்பகுதி தோண்டுவதற்கே போகிறது: சரிவின் மேல் பக்கத்தில், சாலையைத் தாங்கும் மண்ணை வெட்டுவதற்குப் பொறியாளரின் கையெழுத்தும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும், தோண்டிய பள்ளம் சரியாமல் முட்டுக் கொடுக்கவும் வேண்டும். தெலுக் இந்தானில் இருக்கும் என் தங்கை வீட்டுச் சமதரையில் இந்தச் செலவுகள் எதுவுமே எழாது. ஆனால் அந்தக் களிமண் தாழ்நிலத்தில் மண்ணுக்குள் அறை கட்டவும் யாரும் துணியமாட்டார்கள்.

அக்டோபர் 29, செவ்வாய்

கனடாவில் டொரொண்டோவில் இருக்கும் அக்கா மகள் தீபாவளி வாழ்த்துச் சொல்ல அழைத்தாள். சுவரைப் பற்றிச் சொன்னதும், "மாமா, எங்கள் வீட்டிலும் போன வருடம் இதே கதைதான்" என்றாள். அங்கே குளிர்காலத்தில் தரை உறைந்து வீங்கும் என்பதால் அடித்தளத்தை ஏறத்தாழ 1.2 மீட்டருக்குக் கீழே இறக்கியாக வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் சிறிது தோண்டி ஓர் அறையாக்குவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உறைபனி ஆழம் இல்லை, நிலத்தடி நீரும் மேலேயே நிற்கிறது. அங்கே பேஸ்மென்ட் வீடு அரிது. அவளுடைய வீட்டில் 38 அடிச் சுவருக்கு உட்புற வடிகாலும் பம்பும் வைக்க 6,900 கனடிய டாலர் ஆனதாம். வெளியே தோண்டிச் செய்வதற்கு 13,300 டாலர் கேட்டிருக்கிறார்கள். நாடும் நாணயமும் வேறாக இருந்தாலும், உள்ளே செய்வதற்கும் வெளியே தோண்டுவதற்கும் இடையிலான தூரம் எங்கள் வீட்டுக் கணக்கையே நினைவூட்டியது.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்குப் பிறகு கொத்தனார் மறுபடியும் வந்தார். சுவரைத் தட்டிப் பார்க்கும் முன், கூரையின் மழைநீர் எங்கே விழுகிறது என்று பார்த்தார். நான் இத்தனை நாள் கவனிக்கவேயில்லை: சாலைப் பக்கத்துக் கூரைக் குழாய், சுவரின் காலடியிலேயே முடிகிறது. அந்தப் பக்கக் கூரை 45 சதுர மீட்டர் இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் என்றால், 40 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு மாலையில் 1,800 லிட்டர் தண்ணீரை நானே அந்தச் சுவருக்குப் பின்னால் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். விலை சொன்ன மற்ற இருவரும் இதைச் சொல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பெயிண்ட் அடித்தவரும் சொல்லவில்லை.

நவம்பர் 9, சனி

கூரைக் குழாயைப் பக்கவாட்டுக் கால்வாய்வரை நீட்டியதற்கு 480 ரிங்கிட். சாலைக்கும் வீட்டுக்கும் இடையே ஆழமில்லாத சிமெண்டு வடிகால் ஒன்று கட்டியதற்கு 1,650 ரிங்கிட். ஆழமாகத் தோண்டாததால் சாலை மண்ணுக்குத் தொந்தரவில்லை. உட்பூச்சு வேலையைச் சுவர் காயும்வரை தள்ளிவைக்கச் சொன்னேன். கொத்தனாரும் அதுவே சரி என்றார். வாய்ப்பேச்சாக விடாமல், எந்தப் பொருள், எத்தனை பூச்சு, எத்தனை மாதப் பொறுப்பு என்று தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம்.

நவம்பர் 23, சனி

இங்கே அக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள். அப்படியும் இந்த இரண்டு வாரத்தில் புது வடிகால் தன் வேலையைச் செய்துவிட்டது. சுவரின் முக்கால் பகுதி காய்ந்துகொண்டிருக்கிறது. படிக்கட்டை ஒட்டிய மூலையில் மட்டும், தரையும் சுவரும் சேரும் கோட்டில் ஏழடி நீளத்துக்கு ஈரம் தங்கியிருக்கிறது. அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்து இன்றைய தேதியை எழுதிவைத்தேன். 26 அடிக்குப் பதில் அந்த ஏழடியை மட்டும் கொத்திப் பூசுவதற்குக் கொத்தனார் புதிதாக 1,300 ரிங்கிட் விலை தந்திருக்கிறார். அதையும் சேர்த்தால் மொத்தம் 3,430 ரிங்கிட் ஆகும். வேலை டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது.