பிபி குறைய உப்பும் நடையும்: எவ்வளவு, எப்படி, எங்கே தவறுகிறது

உப்பைக் குறையுங்கள், நடங்கள் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு குறைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை நடப்பது என்பதை யாரும் விளக்குவதில்லை. மாத்திரை 5 மில்லிகிராமா 10-ஆ என்று படித்துப் பார்த்துப் போடுகிறவர்கள்கூட இவை இரண்டையும் கண்திட்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். பலன் தெரியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் அளக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். மேற்கையில் பட்டை கட்டும் மெஷினே நல்லது. மணிக்கட்டில் கட்டுவது, கை கொஞ்சம் மேலே கீழே போனாலும் எண்ணை மாற்றிவிடும். மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, அதற்கேற்ற பட்டையை வாங்குங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால், இல்லாத பிபியையும் இருப்பதாகக் காட்டும். காபி குடித்து அல்லது நடந்துவிட்டு வந்து அரை மணி நேரம் கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், பேசாமல் 5 நிமிடம் உட்காருங்கள். கை மேசைமேல் இருக்க வேண்டும், பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு இரண்டு தடவை, 7 நாள் அளந்து எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். வீட்டு அளவில் அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், உயர் ரத்த அழுத்தம் என்றே பல வழிகாட்டுதல்கள் கொள்கின்றன. ஒரே ஒரு ரீடிங்கை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

இனி உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. சாப்பாட்டில் இருப்பது, பாக்கெட்டில் வருவது எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று தெரிய எளிய வழி உண்டு. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன்மேலேயே எழுதிவையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளுக்குள் தீர்ந்தால், சமையலிலேயே வரம்பு தாண்டிவிட்டது. வெளியே சாப்பிடுவதும் உண்டு என்றால் 70 நாளாவது வர வேண்டும்.

பாக்கெட் உணவில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை 2.5-ஆல் பெருக்குங்கள். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. நாக்குக்கு உப்பாகத் தெரியாத பிரெட், பிஸ்கட், சாஸ் ஆகியவற்றில்தான் ஏமாந்துபோகிறோம். சமையல் சோடாவிலும் சோடியம் உண்டு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரைக்கும் மாத்திரைகள் பலவற்றிலும் உண்டு. பாறை உப்பு, கடல் உப்பு என்று மாறுவதால் பயனில்லை, எல்லாம் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ஒரேயடியாக நிறுத்தினால் சாப்பாடு இறங்காது. வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து வந்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

உப்பைக் குறைப்பதோடு பொட்டாசியம் கூட வேண்டும், காரணம் அது சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது. பழம், காய், கீரை, பருப்பு, கொழுப்பு குறைந்த பால் ஆகியவற்றை மையமாக வைத்த ‘டேஷ்’ உணவுமுறை, 1997-இல் வெளியான ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவை (135/85 என்பதில் முதலில் வரும் எண்) சராசரியாக 11 புள்ளி குறைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, ராமிபிரில், டெல்மிசார்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிபி மாத்திரை எடுத்தாலோ, பொட்டாசியம் கலந்த ‘சோடியம் குறைந்த உப்பை’ டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். நடந்து முடித்த பிறகு ரத்தக் குழாய்கள் சில மணி நேரம், சிலருக்கு ஏறக்குறைய ஒரு நாள்வரை தளர்ந்தே இருக்கும். அதனால் வாரக் கடைசியில் மொத்தமாக நடப்பதைவிட, தொடர்ந்து இரண்டு நாள் நடக்காமல் விட்டுவிடாதபடி, அரை மணி அரை மணியாகப் பிரித்து நடப்பது நல்லது. கடைசி 5 நிமிடம் வேகத்தைக் குறையுங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றும். துடிப்பைக் குறைக்கும் பிபி மாத்திரைகளான அட்டெனலால், மெட்டோபுரோலால் எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறாது, ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணைத் துரத்த வேண்டாம்.

நடையோடு சேர்க்க வேண்டியது சுவர் இருக்கை. சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை இரண்டடி முன்னே வைத்து, நாற்காலியில் உட்காரப்போவதுபோல் சரிந்து இறங்கி அப்படியே நில்லுங்கள். 2 நிமிடம் தாங்குகிற உயரம் போதும், தொடை தரைக்கு இணையாக வர வேண்டும் என்றில்லை. 2 நிமிட ஓய்வு விட்டு நான்கு தடவை, வாரத்தில் மூன்று நாள். பலரும் செய்யும் தவறு மூச்சை அடக்குவது. அடக்கினால் அந்த நேரத்தில் பிபி எகிறும், எனவே வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யுங்கள். இதய நோய் உள்ளவர்களும், ஓய்வில் 180/110-க்கு மேல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியையும் தொடங்க வேண்டாம்.

இவ்வளவு செய்தும் இறங்காவிட்டால், மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், சளிக்கான மூக்கடைப்பு மாத்திரை, மது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 180/120-க்கு மேல் போய், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் ஏதாவது சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரை எடுப்பவர்களுக்குச் சில வாரங்களில் எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு வரலாம். உட்கார்ந்து ஒரு தடவையும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்பதை அவர் முடிவுசெய்வார்.